டி டிரைவ் யார் பெயரில்?

நவ. 5, புதன்

தூறல். யூனிஃபார்ம் இன்னும் ஈரம். கும்மிடிப்பூண்டியில் ஷிஃப்ட் முடிந்து, கவரைப்பேட்டை வீடு வந்து சேர ஐந்தரை.

செய்ய வேண்டியது:
– மனு டைப் அடிக்க
– கால்வாய்ப் படங்கள், தேதி வாரியாக, பென் டிரைவில்
– துவரம்பருப்பு

ஒன்றும் நடக்கவில்லை, பருப்பு உட்பட. கம்ப்யூட்டரைப் போட்டால் யார் வீட்டுக்குள்ளோ நுழைந்துவிட்ட மாதிரி. திரை புதிது. நடுவில் பெரிதாக 'குமார்'. என் லாகினைக் காணோம். டி டிரைவை அழுத்தினால் 'ஆக்சஸ் டினைடு'. பத்து தடவை அழுத்தினேன். பத்து தடவையும் டினைடு.

குமார் டீயை ஆற்றிக்கொண்டே சொல்கிறார்: "ஸ்லோவா கீது ஸ்லோவா கீதுன்னு நீதான சொல்லிக்கினு இருந்த? கடைக்கு எட்த்துனு போய் ஃபார்மட் அட்ச்சினு வந்தேன். இப்ப சும்மா பறக்குது பாரு."

என் போனஸில் வாங்கிய கம்ப்யூட்டர். ஒரு வார்த்தை கேட்கவில்லை. பறக்கிறதாம். கட்டின புருஷன் என்பதால் டம்ளரைத் தட்டிவிட்டதோடு விட்டேன்.

நவ. 6, வியாழன்

மழை இல்லை, புழுக்கம். கம்ப்யூட்டர் கடைக்குப் போனேன்.

கடைக்காரர்: "சி-ய மட்டுந்தான் அடிச்சேங்க்கா. டி தொறக்கலியா? கொண்டாங்க, அதையும் ஃபார்மட் அடிச்சிடலாம். சுத்தமா ஆயிடும்."

சுத்தமாகத்தான் ஆகும். இந்த ஊரில் எந்தக் கம்ப்யூட்டருக்கும் ஒரே வைத்தியம். ஸ்லோவா, ஃபார்மட் அடி. சத்தம் வருகிறதா, ஃபார்மட் அடி. உள்ளே இருப்பது ஒருத்தியின் இரண்டு வருஷ ஞாயிற்றுக்கிழமைகள் என்று அவருக்கு எப்படித் தெரியும். கத்திவிட்டு வந்தேன். பாதி வழியில் வெட்கமாக இருந்தது. மீதி வழியில் மறுபடி கோபம்.

எழுதி வைக்கிறேன், மனது ஆறட்டும். ஆரம்பாக்கத்தில் அப்பா விட்டுப்போன ஒன்றரை ஏக்கர். அம்மா என்னோடு இருந்தாலும், ரயிலில் போய் வந்து ஆள் வைத்து நெல் போடுகிறாள். மழை பிடித்தால் பின்னால் இருக்கிற கம்பெனி துரு நிறத்தில் தண்ணீர் விடுகிறது. கால்வாய் ஓரப் பயிர் மஞ்சளடித்துச் சாகிறது. நான் லேபில் வேலை பார்ப்பவள். ஞாயிறுதோறும் போய்ப் படம் எடுத்து, தண்ணீரில் பிஎச் பார்த்து, தேதி போட்டு வைத்தேன். எல்லாம் டி-யில். பழைய போனை எக்ஸ்சேஞ்சில் கொடுத்தாயிற்று. திங்கள் கலெக்டர் ஆபீஸில் மனு நாள். இந்தச் சம்பாவும் போனால் அம்மா அடுத்த நடவுக்கு இறங்க மாட்டாள்.

நவ. 7, வெள்ளி

கேன்டீனில் சாம்பார் என்ற பெயரில் வெந்நீர்.

பூட்டியது நான்தான். இன்று லேபில் பாட்டில் கழுவும்போது ஞாபகம் வந்தது. பொங்கலுக்கு வந்த அண்ணன் டி-க்குள் நோண்டிக்கொண்டிருந்தான். அவனுடைய லாரிகள் அந்தக் கம்பெனியில்தான் ஓடுகின்றன. அன்றைக்கே என் லாகினைத் தவிர யாரும் திறக்க முடியாதபடி செய்தேன். இப்போது அந்த லாகினே இல்லை. கெட்டிக்காரி. பென் டிரைவில் ஒரு காப்பி போட்டு வைக்கத் தெரியவில்லை.

நவ. 8, சனி

ஆஃப். நல்ல வெயில். அம்மா கழனிக்கு. நாஷ்டா பண்ணவில்லை, குமாரே கடையில் இட்லி வாங்கி வந்தார். அவருக்குப் பயம் இருக்கிறது.

முதலில் என் பெயரில் புது லாகின். பிறகு டி மேல் ரைட் கிளிக், பிராப்பர்ட்டீஸ், செக்யூரிட்டி, அட்வான்ஸ்டு. அங்கே 'ஓனர்' என்று போட்டிருக்கிற இடத்தில் பெயர் இல்லை. நீளமாக ஒரு எண். அதுதான் நான். அழிந்துபோன நான். 'சேஞ்ச்' அழுத்தி 'கலா' என்று அடித்தேன். உள்ளே இருப்பது எல்லாவற்றுக்கும் சேர்த்து என்று டிக் செய்தேன். பச்சைக் கோடு ஓடியது. காபி ஆறுவதற்குள் டி திறந்துவிட்டது.

எல்லாம் இருக்கிறது. ஒரு ஞாயிறு விடாமல். அழுதேன். சந்தோஷத்தில் இல்லை, மூன்று நாள் கோபம் போக இடமில்லாமல்.

குமார் எட்டிப் பார்த்து: "இன்னா, பட்டா மாத்திட்டியா?"

சிரிப்பு வந்துவிட்டது. காட்டிக்கொள்ளவில்லை. மூன்று பென் டிரைவில் காப்பி.

நவ. 10, திங்கள்

லீவு போட்டு, இரண்டு பஸ் மாறி, மூன்று மணி நேரம் வரிசையில். மேஜைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் மனுவின் முதல் வரியிலேயே நின்றுவிட்டார்.

"நெலம் யார் பேர்லமா கீது?"

"அண்ணன் பேர்ல, சார்."

"நீங்க?"

"பொண்ணு. செத்துப்போனவரோட பொண்ணு."

"பட்டாதாரர் கையெழுத்து இல்லாம எட்த்துக்க முடியாது. அண்ணன கூட்டினு வாங்க."

ஒரு படத்தைக்கூடப் பார்க்கவில்லை. நூற்றுக்கும் மேலே படம். கம்ப்யூட்டருக்கு இருக்கிற அறிவு இவருக்கு இல்லை. அதுவாவது என் பெயரை அடித்ததும் நகர்ந்து வழிவிட்டது.

நவ. 11, செவ்வாய்

மழை. அண்ணனுக்கு போன் செய்தேன்.

"நீதான் அன்னிக்கே எழுதிக் குட்த்துட்டியே கலா. அப்பறம் இன்னா நெலம், தண்ணின்னு? என் பொழப்பே அந்தக் கம்பெனிலதான் ஓடுது. பேஜாரு பண்ணாத." வைத்துவிட்டான்.

எழுதிக் கொடுத்தது உண்மை. அப்பா காரியம் முடிந்த மறுவாரம், ரிஜிஸ்டர் ஆபீஸில், என் பங்கை அவனுக்கு விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரம். "இங்க போடு, இங்க போடு" என்று விரலால் காட்டினான், போட்டேன். லேப் ரிப்போர்ட்டில் ஒரு புள்ளி தப்பினால் கையெழுத்துப் போடாமல் திருப்பி அனுப்புகிறவள் நான். அங்கே ஒரு வரி படிக்கவில்லை. கூடப்பிறந்தவன் நீட்டுகிறதைப் படித்துப் பார்த்தால் மரியாதை இல்லையாம். அப்படித்தான் எங்கள் பக்கம் அத்தனை பெண்களும் போடுகிறோம். இதை எழுதும்போதும் கோபம். அவன் மேல் பாதி, என் மேல் பாதி.

அதன் ஸ்கேனும் டி-யில்தான் இருந்தது. இன்றைக்குத்தான் முதல் தடவையாகப் படித்தேன். ஆறு பக்கம். இரண்டு முறை. எழுதிக் கொடுப்பவர் ஒரே ஒருவர். நான். அம்மாவின் கையெழுத்து எந்தப் பக்கத்திலும் இல்லை.

அம்மாவைக் கூப்பிட்டேன். "நீ எங்கனா கையெழுத்து போட்டியாமா? கைநாட்டு?"

"என்ன யாரு கூப்ட்டா? மூலைல ஒக்கார வெச்சிட்டு நீங்க ரெண்டு பேருந்தான கார்ல ஏறிப் போனீங்க."

அப்படியானால் அம்மாவின் பங்கு அம்மாவிடம்தான் இருக்கிறது. அவன் ஒருவன் பெயருக்கு மட்டும் பட்டா எப்படி மாறியது? அதையும் வருகிற திங்கள் கேட்கிறேன்.

மனுவை அம்மா பெயரில் மாற்றி அடித்து, பிரிண்ட் எடுத்தேன். குமார் ஓடிப்போய் இங்க் பேடு வாங்கி வந்து அம்மா முன்னால் திறந்து வைத்தார்.

"இது இன்னாத்துக்கு மாப்ள? நான் அஞ்சாவது பட்ச்சவ. பேனா குடுங்க."

பேனாவை வாங்கிக்கொண்டாள். போடவில்லை. மனுவை என் பக்கம் தள்ளினாள்.

"மொதல்ல படிடி. ஒரு வரி வுடாம படி. அப்பறம் போட்றேன்."