இறாலின் மீசை

இன்று காலை, நெடிய ஆலோசனைக்குப் பிறகு, பக்கவாட்டில் கண்ணாடி பதித்த அந்தப் பிஸ்கட் டின்னைப் பழைய சாமான்காரரிடம் போடுவதில்லை என்று முடிவெடுத்தேன். தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. அறையில் நான் மட்டும்தான் இருந்தேன். டின்னைக் கொண்டுவந்து கொடுத்தவள் உன் மனைவி எஸ்தர். "வீட்ல இருந்தா தினமும் கண்ல படுது அண்ணா" என்றாள். இப்போது என் கண்ணில் படுகிறது. கண்ணாடியைச் சுற்றி நீ அப்பிய மெழுகு இன்னும் மணக்கிறது.

தங்கவயல் சுரங்கத்துக்குள் அளவெடுக்கும் வேலை உன் நெஞ்சில் தூசியைச் சேர்த்தது. வயதுக்கு முன்பே ஓய்வு கொடுத்து, காக்ஸ் டவுனில் என் பக்கத்து வீட்டுக்கு அனுப்பிவைத்தது. நான் உன்னைப் புகைப்படச் சங்கத்தில் சேர்த்துவிட்டேன். அங்கே எல்லோரும் மலையேறிச் சூரியோதயம் எடுத்தார்கள். உனக்குப் பஸ் ஸ்டாப்பே மலை. கோடு, வடிவம், அடுக்கு, வெற்றிடம் என்று படத்தின் அமைப்பைப் பற்றிச் சங்கத்தில் ஓர் உரை நிகழ்த்தினேன். கடைசிவரை விழித்திருந்தவன் நீதான். "இதுக்கு மலை எதுக்குப்பா? தண்ணித் தொட்டி போதுமே" என்றாய்.

அல்சூர் ஏரியின் பொடி இறால்கள் உன் வீட்டுச் சிமெண்டுத் தொட்டிக்குக் குடிவந்தன. டின்னுக்குள் மேலிருந்து பார்த்து எடுக்கும் கேமரா, பதித்த கண்ணாடி தண்ணீருக்குள், டின்னின் வாய் தண்ணீருக்கு மேலே. நீ மேலிருந்து குனிந்து பார்ப்பாய். எஸ்தர் முகம் பார்க்கும் கண்ணாடியால் வெயிலைத் திருப்பி இறால்மேல் அடிப்பாள். "கேமராவுக்குத் தினமும் குளியல். உங்களக் குளிக்கச் சொன்னா மட்டும் நெஞ்சு வலிக்குது!"

டின் மிதக்கும். அதை ஒரு கையாலும் நெஞ்சாலும் அமுக்கிப் பிடித்து, மறு கையால் விசையைத் தட்ட வேண்டும். அவ்வளவு கிட்டத்தில், அவ்வளவு மங்கிய வெளிச்சத்தில், மூச்சு விட்டாலே படம் கலங்கும். மூச்சைப் பிடித்தால் உனக்கு இருமல். ஃபிலிம் கிடைப்பதே அரிதான காலத்தில் சுருள் சுருளாக மூடுபனி எடுத்தோம்.

"நீ பாரு, டின்னையும் விசையையும் நான் அமுக்கறேன்" என்றேன்.

"அப்ப அது உன் படம்."

சங்கத்தின் கண்காட்சியில் உன் படம் ஒன்று தொங்க வேண்டும், அதுவும் அந்த வருடமே. மறு வருடத்தைப் பற்றி டாக்டர் எதுவும் சொல்ல மறுத்திருந்தார்.

ஒரு நாள் ஓர் இறால் படத்தின் ஓரத்தில் வந்து நின்றது. மீசைகள் இரண்டும் சாய்வாக ஒன்றையொன்று வெட்டிக்கொண்டன, பின்னால் இருட்டு. உன் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்து, "இறால் கண்ணு வெளிய போயிடுச்சு, கொஞ்சம் பின்னால வா" என்றேன்.

"கண்ணு இருந்தா எல்லாரும் கண்ணைத்தான் பாப்பாங்க. கோடு போதும். சும்மா இருடா."

மூச்சு நின்றது. விசை சொடுக்கியது. பிறகு நீ இருமிய இருமலில் எஸ்தர் கண்ணாடியைப் போட்டுவிட்டு உன் முதுகைப் பிடித்துக்கொண்டாள்.

படம் தெளிவாக வந்தது. அதற்குப் பெயர் வைக்க மறுத்தாய். "பேர் வச்சா, படத்தை விட்டுட்டு அதைத் தேடுவாங்க." பெயரில்லாமலே அனுப்பினோம்.

கண்காட்சி திறப்பதற்கு முந்தின வாரம் உன்னை அடக்கம் செய்தோம். உன் படத்தைத் தாவரப் பிரிவில் மாட்டி, கீழே 'நீர்ப்புல்' என்று எழுதி, இரண்டாம் பரிசும் கொடுத்திருந்தார்கள். தண்டுகளின் வளைவை நடுவர் மிகவும் பாராட்டினாராம். நான் செயலாளரைத் தேடிக் கிளம்பினேன். எஸ்தர் என் சட்டைக் கையைப் பிடித்தாள்.

"விடுங்க அண்ணா. சொன்னா எறக்கிருவாங்க."

இப்போதும் படம் எடுக்கிறேன். விசையை அமுக்கும் முன் மூச்சைப் பிடிக்கிறேன். எனக்கு அது சுலபமாக வருகிறது. அந்தச் சுலபம் ஒவ்வொரு தடவையும் உறுத்துகிறது.

செயலாளரிடம் நான் எதுவும் சொல்லவில்லை. மறு வருடம் சங்கம் நீர்த்தாவரங்களுக்கென்று தனிப் பிரிவு தொடங்கியது.