இடப்பக்கத்து முயல்

முத்தியால்பேட்டை,
ஞாயிறு மாலை.

லினெட் அப்பாவுக்கு,

அந்த ஊர் வெயிலிலும் மாதா உங்களைக் கைவிடமாட்டாள் என்ற நம்பிக்கையோடு ஆனந்தமேரி எழுதுவது. நாளை தோஹா கிளம்பும் இளம்பரிதி தம்பி கையில் இதையும் லினெட் வரைந்த படத்தையும் கொடுத்தனுப்புகிறேன். போனில் சொன்னால் என்ன என்று கோபப்படாதீர்கள். வாட்ஸப்பில் எனக்குத் தட்டித் தருவதே உங்கள் மகள்தான். இருப்பது ஒரே அறை, பேசினால் அவள் காதில் விழும்.

முதலில் படத்தைப் பாருங்கள். பெரிய மார்க்கெட்டில் நானே பொறுக்கிய பழங்கள். மேசையில் அடுக்கியதும் நான்தான். அவள் உட்கார்ந்த இடத்திலிருந்து பார்த்தால் வலப்பக்கம் கொய்யாவும் நம் தூங்குமூஞ்சிப் பூனையும். நடுவில் பப்பாளி. இடப்பக்கம் தர்பூசணிக் கீற்று, பக்கத்தில் எதிர்வீட்டு செல்வாம்பாள் அக்காவின் முயல், கூண்டோடு.

பூனையின் மீசையை எப்படிப் போட்டிருக்கிறாள் பாருங்கள்! ஆனால் பப்பாளி பாதியிலேயே நின்றுவிடுகிறது. அதற்கு இடப்பக்கம் வெறும் தாள். டிராயிங் மாஸ்டர் கமலக்கண்ணன், "வாட்டர்கலர்ல வெள்ளைய விடத் தெரியணும்மா, உங்க பொண்ணுக்குத் தெரிஞ்சிருக்கு" என்று பள்ளிக் கண்காட்சியில் நடுநாயகமாக மாட்டினார். நானும் தெருவெல்லாம் பீற்றிக்கொண்டேன், புத்தி கெட்டவள்.

போன ஞாயிறு பூசை முடிந்து வந்ததும் வஞ்சிரம் வறுத்து வைத்தேன். சோற்றைத் தின்றுவிட்டு, "எனக்கு மீன் இல்லையாம்மா?" என்றாள். தட்டின் இடப்பக்கம் துண்டு முழுசாகக் கிடக்கிறது. "கண்ண எங்கடி வச்சிருக்க?" என்று கத்திக்கொண்டே தட்டைத் திருப்பினேன். "இப்பதான வச்ச?" என்று சிரித்துக்கொண்டே எடுத்துத் தின்றாள்.

அவள் கை கழுவியதும் படத்தை எடுத்து, முயல் எங்கே என்று கேட்டேன். "நான் ஆரம்பிக்கிறதுக்குள்ள நீதான் தூக்கிட்டுப் போயிட்டியே" என்றாள். நான் தூக்கவே இல்லைங்க. அவள் பிரஷ்ஷைக் கழுவும் வரை அது அங்கேயே கீரையைக் கொறித்துக்கொண்டிருந்தது.

கண்ணில் குறையில்லை என்கிறார் கண் டாக்டர். தலையை ஸ்கேன் எடுக்க எழுதிக் கொடுத்திருக்கிறார், வரும் வியாழக்கிழமை. என்னவாக இருக்கும் என்று கேட்டேன். "பாத்துட்டு சொல்றோம்மா" என்றவர் அதன் பிறகு என் முகத்தைப் பார்க்கவில்லை. கண்ணாடி போடுவதற்கான டெஸ்ட் என்று பிள்ளையிடம் பொய் சொல்லி வைத்திருக்கிறேன்.

நேற்று இடப்பக்கமாக வந்த ஸ்கூட்டியை அவள் கவனிக்கவே இல்லை. நான் கையைப் பிடித்து இழுத்ததால் தப்பினாள். இப்போது தெருவில் அவளுக்கு இடப்பக்கமாகவே நடக்கிறேன். "ஏம்மா இப்புடி ஒட்டிக்கிட்டே வர்ற?" என்று சலித்துக்கொள்கிறாள். எனக்குப் பயமாக இருக்கிறதுங்க. ரொம்பப் பயமாக இருக்கிறது.

படத்தைப் பார்த்து அப்பா என்ன சொல்வார் என்று இப்போதே நச்சரிக்கிறாள். அழகாக இருக்கிறது என்று மட்டும் சொல்லுங்கள். முயலைப் பற்றி வாயே திறக்காதீர்கள். முதலாளி காலில் விழுந்தாவது லீவு வாங்கிக்கொண்டு கிளம்புங்கள். ஆண்டவர் உங்களைப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்க்கட்டும்.

வீட்டுக்குள் நுழைந்ததும், அவளுக்கு வலப்பக்கமாக வந்து நில்லுங்கள்.

உங்கள்,
ஆனந்தமேரி