ஆளில்லாத கோலும் இரண்டு கூடைத் தோடம்பழமும்

மாஸ்டர்,

சோப்புப் போட்டுக் கழுவியும் தோடம்பழ வாசம் விரலை விட்டுப் போகவில்லை. இன்று பின்னேரம் ஹரோ மைதானத்தில் இரண்டு கூடை நிறைய வெட்டினேன். ஒன்று எங்கள் பக்கத்துக்கு, மற்றது எதிர்ப்பக்கத்துக்கு. இடைவேளைக்குத் தோடம்பழத்தை, இங்கத்தைய ஒறேஞ்சை, நாலாய்ப் பிளந்து உப்புத் தூவிக் கொடுப்பது நம்மூர்ப் பள்ளிக்கூட மைதானங்களின் வழக்கம். அதை லண்டன் குளிருக்குள்ளும் கொண்டுவந்து சேர்த்தவர் நீங்கள். “எதிராளிக்கும் நா வறளும் தம்பி” என்பீர்கள். அப்படிச் சொன்ன வாயை நினைத்தால் எனக்கு இன்னமும் எரிச்சல்தான் வருகிறது. செத்த மனிசரோடு சண்டை பிடிக்கக்கூடாது என்கிறாள் என் மனைவி. உயிரோடு இருந்தபோது பிடிக்காத சண்டையை நான் வேறெப்போது பிடிப்பது?

இன்று நடந்தது உங்கள் பெயரில் வைத்த கோப்பைக்கான முதல் இறுதி ஆட்டம். வீட்டுக்கு வந்து சாப்பிட்டேன், தொலைக்காட்சியைப் போட்டேன், நிறுத்தினேன். இருக்க முடியவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

உங்கள் கல்லூரிக்காரர் உங்களைப் பற்றிப் பேச வெளிக்கிட்டால் அந்த எட்டு வருடங்களில்தான் தொடங்குவார்கள். எட்டு வருடம் தொடர்ந்து தோல்வியே காணாத உதைபந்தாட்ட அணி. யாழ்ப்பாணத்தில் வேறெந்தக் கல்லூரியின் பயிற்றுநரும் செய்யாத சாதனை. நாங்கள் பேச வெளிக்கிட்டால் ஒரேயொரு ஆட்டத்தில் தொடங்கி அதிலேயே முடிப்போம். நாங்கள் என்றால் பக்கத்து ஊர்க் கல்லூரிக்காரர். எண்பதுகளின் நடுவில், அந்த எட்டு வருடங்களின் நடுவிலும்தான், ஓர் இறுதி ஆட்டத்தில் உங்களுக்கு எதிராக கோல் காக்க வேண்டியிருந்தவன் நான்.

நாங்கள் மைதானத்துக்கு வந்து சேரவில்லை. சந்தியில் எங்கள் வானை ஆமி மறித்தது. விளையாட்டு உடுப்போடு இருந்த அத்தனை பேரையும் இறக்கி முகாமுக்குக் கொண்டுபோனார்கள். எங்கள் தலைவன் சிவம் கொஞ்சம் இங்கிலீஷ் பேசுவான். நாங்கள் பந்தடிக்கப் போகிறோம் என்று விளங்கப்படுத்தப் பார்த்தான். வாயைத் திறந்த குற்றத்துக்கு விழுந்த அடியில் அவனுடைய வலது காது கேட்காமலே போயிற்று. கிழமை முடிவில் எங்களை விட்டார்கள்.

அதே பின்னேரம் மைதானத்தில் நடுவர் விதிப்படி காத்திருந்தார். நேரம் முடிந்ததும் விசில் ஊதினார். வராத அணிக்கு எதிராக வென்றதாகக் கணக்கு வைக்க வேண்டுமென்றால், நடுக்கோட்டிலிருந்து பந்தை உருட்டிப்போய் ஆளில்லாத கோலுக்குள் போட வேண்டும், அதுதான் அப்போதைய வழக்கம். உங்கள் ஆட்கள் போட்டார்கள். நீங்கள் கோப்பையை வாங்கினீர்கள். முகாமிலிருந்து வீட்டுக்கு வந்த என்னைக் கட்டிப்பிடித்து அம்மா அழுது முடிய, சித்தப்பா சொன்ன முதல் செய்தி, “ஒண்டுக்குச் சைபர் எண்டு தோத்துப்போனியளடா.”

நான் நிற்காத கோலுக்குள் போன பந்து அது. அதற்குப் பிறகு எத்தனையோ பந்துகளை விட்டிருக்கிறேன், எல்லாவற்றையும் மறந்துவிட்டேன். அந்தப் பந்தை மட்டும் இன்னும் பாய்ந்து பாய்ந்து பிடித்துக்கொண்டிருக்கிறேன்.

உங்களுக்குத் தெரியுமா, தெரியாதா? வருடக்கணக்காக நம்மவர்கள் அடிபட்ட கேள்வி இதுதான். எங்களைப் பிடித்துக்கொண்டுபோன செய்தி விசிலுக்கு முதல் உங்கள் காதுக்கு வந்ததா? வரவில்லை என்று நீங்கள் எல்லாருக்கும் சொன்னீர்கள். உங்கள் ஆட்கள் அதற்குத் தோடம்பழத்தையே சாட்சிக்கு இழுப்பார்கள். எங்களுக்கென்று வெட்டி வைத்த கூடையை நீங்கள் ஒருவரையும் தொட விடவில்லையாம், பொழுதுபடும்வரை அது அப்படியே இருந்ததாம். சிவம் இதைக் கேட்டுச் சிரித்தான்.

“நாங்கள் உள்ளுக்கை ஒரு மிடறு தண்ணிக்கு அந்தரப்படேக்கை மனிசன் எங்களுக்குத் தோடம்பழம் வைச்சுப் பாத்துக்கொண்டு இருந்தவராமோ? நல்ல மனிசன். அப்ப கோலையும் பூட்டி வைச்சிருக்கலாமே.”

பிறகு எங்கள் எல்லாரையும் காலம் லண்டனில் கொண்டுவந்து கொட்டியது. தோர்ண்டன் ஹீத்தில் நான் வேலை செய்த பெற்றோல் செற்றுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை புது ஆள் வருகிறது என்றார் முதலாளி. கதவைத் தள்ளிக்கொண்டு நீங்கள் வந்தீர்கள். பாரமான கோட்டு, கம்பளித் தொப்பி, அதற்குக் கீழே அதே நிமிர்ந்த கழுத்து. அடிப்பதா, எழும்பி நிற்பதா என்று தெரியவில்லை. பழக்கதோஷம், எழும்பி நின்றுவிட்டேன்.

காசு வாங்கும் மெஷினை நான்தான் உங்களுக்குப் பழக்கினேன். நீங்கள் படு மோசமான மாணவர், மாஸ்டர். பிழையான பொத்தானை அமத்திவிட்டு, பந்து வெளியே போனதற்கு லைன்ஸ்மனைப் பார்ப்பது மாதிரி என்னைப் பார்ப்பீர்கள். முதல் நாள் தேத்தண்ணி நேரத்தில் கேட்டீர்கள்.

“நீர் கோல் காத்தனீர் என்ன?”

“ஓம்.”

“எனக்குத் தெரியும். இடப்பக்கம் பாயிறதுக்கு ஒரு செக்கன் பிந்துவீர். அந்த வருசம் முழுக்க உம்மைப் பாத்தனான்.”

அவ்வளவுதான். அந்த ஆட்டத்தைப் பற்றி ஒரு சொல் இல்லை. நானும் கேட்கவில்லை. வேலை இடம், இருவருக்கும் வயிறு இருந்தது, ஊரில் இருவரையும் நம்பியிருக்கும் ஆட்கள் இருந்தார்கள். ஆனால் நீங்கள் பழக்கிய பிறகு இடப்பக்கம் பாய்வதற்கு நான் பிந்தவில்லை. ஞாயிறு ஷிப்ட் முடிய, பின்பக்கத்துக் கார் கழுவும் இடத்தில் முப்பது வயதை நெருங்கும் என்னை நிறுத்தி, பஞ்சுத் துடைப்பானைப் பந்தாய் எறிந்து பழக்கினீர்கள். வெள்ளைக்காரர் காருக்குள் இருந்தபடி எங்களைப் பார்த்துத் தலையாட்டுவார்கள். உங்களை வெறுக்க முடியாமல் போனதற்காக உங்களை நான் கூடவே வெறுத்த நாட்கள் அவை.

தொண்ணூறுகளில் பழைய மாணவர் சங்கங்கள் கோடை தோறும் சுற்றுப்போட்டி வைக்கத் தொடங்கின. நீங்கள் உங்கள் அணிக்கு, நான் எங்கள் அணிக்கு. அப்படியொரு நாள் முதல் ஆட்டம் தொடங்கமுதலே மழை கொட்டி எல்லாம் குழம்பிப்போயிற்று. சிவமும் மற்றவர்களும் காரில் போய்விட்டார்கள். நீங்களும் நானும் பஸ் தரிப்பிடத்தில் ஒதுங்கினோம். உங்கள் மடியில் ஒருவரும் தொடாத இரண்டு கூடை. ஒன்றை என் பக்கம் தள்ளினீர்கள். மழையைப் பார்த்தபடியே, நான் ஒன்றும் கேட்காமலே, சொன்னீர்கள்.

“தம்பி, அண்டைக்கு எனக்குத் தெரியும்.”

நான் வாய்க்குள் வைத்த தோடம்பழத்தைக் கடிக்கவும் இல்லை, துப்பவும் இல்லை.

“சந்தியிலை இருந்து ஒருத்தன் சைக்கிளிலை ஓடி வந்து எனக்கு மட்டும் சொன்னவன். ரெஃபரியிட்டைப் போய்ச் சொல்லியிருந்தா மட்ச்சைத் தள்ளி வைச்சிருப்பார். நான் சொல்லேல்லை. மணிக்கூட்டைப் பாத்துக்கொண்டு நிண்டனான்.”

“ஏன் மாஸ்டர்?”

“நீங்கள் வெல்லுவியள் எண்டு பயம். அந்த வருசம் உங்களுக்கு அப்பிடி ஒரு ரீம். எனக்கு நித்திரை இல்லை.”

பஸ் வந்தது. நீங்கள் ஏறினீர்கள். நான் அடுத்த பஸ்ஸில் வருகிறேன் என்று நின்றுவிட்டேன்.

என் கோபம் என்ன ஆனது என்று சொல்ல வேண்டும். கோபம் வந்தது, நியாயமான கோபம். அதற்குப் பக்கத்திலேயே வெட்கமில்லாமல் ஒரு சந்தோஷமும் வந்தது. நாங்கள் வென்றிருப்போம் என்று இந்த உலகத்தில் சொன்ன ஒரேயொரு ஆள் நீங்கள். சிவம்கூடச் சொன்னதில்லை. அவனுக்கு அந்த நாளில் காதுதான் பெரிதாக இருந்தது. அந்த மழைக்குள் நான் தனியே நின்று சிரித்தேன், பிறகு அழுதேன். ஏன் எனக்கு மட்டும் சொன்னீர்கள்? சபையில் மறைத்ததைப் பஸ் தரிப்பிடத்தில் சொன்னால் கணக்குத் தீர்ந்துவிடுமா? உண்மையை என் மடியில் இறக்கிவைத்துவிட்டு நீங்கள் இலேசாகப் போய்விட்டீர்கள். பிறகு போன மாரியில் ஒரேயடியாகவும் போய்விட்டீர்கள்.

செத்தவீட்டுக்கு இரண்டு கல்லூரிக்காரரும் வந்தோம். முப்பத்தோராம் நாள் கழிந்த கையோடு, கோடைச் சுற்றுப்போட்டிக் கோப்பைக்கு உங்கள் பெயரை வைக்க வேண்டும் என்று உங்கள் ஆட்கள் கேட்டார்கள். சங்கங்கள் எல்லாம் கூடியது ஹரோவில், சனிக்கிழமைத் தமிழ் வகுப்பு நடக்கும் மண்டபத்தில். சின்னப்பிள்ளைகளின் கதிரையில் முழங்கால் நாடியில் முட்ட இருந்துகொண்டு பெரிய மனிதர்கள் சத்தம் போட்டார்கள். உங்கள் மனைவி, அந்த வகுப்பின் ரீச்சர், முன்வரிசையில் கைப்பையை மடியில் வைத்தபடி இருந்தா.

சிவம் எழும்பினான். “ஆளில்லாத கோலுக்குப் பந்தடிச்சு வெண்ட மனிசன்ரை பேரிலை கப்போ? என்ரை பிள்ளையள் அதுக்கு விளையாடுறதோ?”

“மாஸ்டருக்கு விசயம் தெரியாது. தெரிஞ்சா அப்பிடிச் செய்யிற ஆளில்லை” என்றார் உங்கள் பழைய மாணவர் ஒருவர். எல்லாருடைய பார்வையும் ரீச்சரிடம் போனது. அவ குனிந்திருந்தா.

பேசாமல் இருந்திருக்கலாம். செத்தவரின் மானமும் மிஞ்சியிருக்கும், எனக்குச் சோலியும் இல்லை. ஆனால் அந்தத் ‘தெரியாது’ சிவத்தைப் பொய்யன் ஆக்கியது. எழும்பினேன்.

“அவருக்குத் தெரியும். எனக்கு அவரே சொன்னவர்.”

மண்டபம் குழம்பியது. பதில் சொல்ல ஆளில்லாத நேரம் பார்த்துக் கதை கட்டுகிறேன் என்றார்கள். இத்தனை வருடம் வாய்க்குள் என்ன கொழுக்கட்டையோ என்றார்கள். அது நியாயமான கேள்விதான். அப்போதுதான் ரீச்சர் எழும்பினா. வகுப்பில் பிள்ளைகளை அடக்கும் அதே குரல்.

“தம்பி சொல்லுறது உண்மை. எனக்கும் சொன்னவர். ஊருக்குச் சொல்லுங்கோ, சொல்லுங்கோ எண்டு கேட்டு நான் களைச்சுப்போனன். அவருக்கு ஏலாமல் போச்சுது.”

சிவம் என் பக்கம் வந்து, நல்ல காதைத் திருப்பிக் கேட்டான். “ஏன் செய்தவராம்?”

“நாங்கள் வெல்லுவம் எண்டு பயந்தவராம்.”

“என்ன?”

“நாங்கள் வெண்டிருப்பமாம்.”

காது கேட்காமல் அல்ல அவன் இரண்டாம் தரம் கேட்டது, மாஸ்டர். அவனை எனக்குத் தெரியும்.

பெயர் வைக்க ஆதரவாகப் பெரும்பாலான கைகள் உயர்ந்தன. நானும் உயர்த்தினேன். சிவம் உயர்த்தவில்லை, இன்றைக்கும் உயர்த்தமாட்டான். அதற்கு அவனுக்கு உரிமை இருக்கிறது. போகமுதல் ரீச்சர் ஒன்று கேட்டா. “அவரின்ரை பேரிலை விளையாடேக்கை வராத ஆக்களுக்கு மேலை ஒருத்தரும் கோல் அடிக்கக் கூடாது. ஆக்கள் வருமட்டும் நிண்டு பாருங்கோ. வரேல்லை எண்டா வேறை நாள் வையுங்கோ.” அது விதியாயிற்று. உங்கள் கோப்பையில் எதிராளி இல்லாமல் வெல்லும் வோக்கோவர் கிடையாது.

இன்றைக்கு இறுதி ஆட்டத்துக்கு எங்கள் அணி வந்துவிட்டது. எங்கள் பொறுப்பாளர் சிவம்தான். பெயருக்குக் கை உயர்த்தாவிட்டாலும் பிள்ளைகளை விட்டுவிட அவனால் முடியவில்லை. வராமல் போனது உங்கள் அணி. மோட்டர்வேயில் ஏதோ விபத்து, அவர்களின் வான் அகப்பட்டுக்கொண்டது. நேரம் கடந்தது. வானம் கறுத்தது. எங்கள் இளசுகள் பொறுமை இழந்து, “அங்கிள், ஜஸ்ட் ஸ்கோர் இற்!” என்று கத்தத் தொடங்கினார்கள். இங்கே பிறந்த பிள்ளைகள், அவர்களுக்கு என்ன தெரியும்?

எதிரே உங்கள் அணியின் கோல் வெறுமையாய் நின்றது. நான் தோடம்பழக் கத்தியைப் போட்டுவிட்டு நடந்துபோய் அதற்குள் நின்றேன். ஏன் போனேன் என்று தெரியாது. வயிறு முன்னே தள்ளிக்கொண்டு நிற்கிறது, கையுறையும் இல்லை. ஆட்கள் சிரித்தார்கள். நடுக்கோட்டுக்குப் பந்தோடு வந்த சிவம் என்னை நிமிர்ந்து பார்த்தான். கனநேரம் பார்த்தான். பிறகு பந்தைக் கீழே வைத்து அதற்கு மேல் குந்தினான்.

“வரட்டும்” என்றான், மைதானம் முழுக்கக் கேட்கும்படி. “வந்த பிறகு வெல்லுவம்.”

வந்தார்கள். விளையாடினோம். தோற்றோம் மாஸ்டர், இரண்டுக்கு ஒன்று. உங்கள் ஆட்கள் உங்கள் படத்தைத் தூக்கிக்கொண்டு ஆடினார்கள். இந்த வெற்றியை உங்கள் கணக்கில் எழுதிக்கொள்ளுங்கள், இதில் எனக்கு உங்களோடு ஒரு வழக்கும் இல்லை. மற்றதில் இருக்கிறது. அது தீராது, தீர்க்கவும் எனக்கு விருப்பமில்லை.

எல்லாரும் போன பிறகு சிவம் வந்து கூடையில் மிஞ்சிக் கிடந்த தோடம்பழத் துண்டொன்றை எடுத்தான். ஊரை விட்டு வந்து இத்தனை வருடத்தில் நீங்கள் தொடக்கிய அந்தக் கூடையில் அவன் கை வைத்ததே இல்லை. உறிஞ்சிவிட்டு, தோலை எறியாமல் கையிலேயே வைத்திருந்தான்.

“அண்டைக்கு எண்டா வெண்டிருப்பம் என்ன?” என்றான்.

நான் அவனுடைய நல்ல காதுப் பக்கம் போய் நின்றேன்.

“ஓம். மாஸ்டரே சொன்னவர்.”