வாசலில் நான் போட்ட சீன எழுத்து

என் பாசத்துக்கும் கோபத்துக்கும் உரிய அண்ணே,

நலமா என்று கேட்டுத் தொடங்க முடியாத கடிதம் இது. பழக்கத்தில் கை அதைத்தான் எழுதப் போனது. இங்கே நாங்கள் நலம். ஆத்தாவுக்கு முழங்கால் வலி இருக்கிறது, வாய்க்கு ஒரு குறையும் இல்லை. எனக்கு இப்போது சீன எழுத்து படிக்கத் தெரியும். நிறையத் தெரியாது, ஆனால் தெரியும்.

சிரிக்கிறீர்களா? கீரமங்கலம் பள்ளிக்கூடத்தில் நான் வாய்ப்பாட்டில் திணறியபோது, "இவளுக்குப் படிப்பு ஏறாது" என்று ஆத்தாவிடம் சொன்னவர் நீங்கள்தானே? எனக்கு மறக்கவில்லை.

கடல் தாண்டி ஈப்போவுக்குப் போன நீங்கள், அங்கே கல்யாணம் செய்துகொண்டதாக ஒரே ஒரு வரி எழுதினீர்கள். பெண் யார் என்று எழுதவில்லை. உலகச் சண்டை முடிந்து கப்பல் ஓடத் தொடங்கியதும், நீங்கள் காய்ச்சலில் போய்விட்டீர்கள் என்ற சேதியோடு உங்கள் மகளைக் கையில் பிடித்துக்கொண்டு, ஒரு சீனப் பெண் நம் வாசலில் வந்து நின்றார். தன் பெயர் ஆ லான் என்றார். ஆத்தா அழுதாள். பேத்தியைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள். ஆ லான் அண்ணிக்குச் சோறு போட்டாள், ஆனால் முகம் கொடுத்துப் பேசவில்லை. ஒரு வரிக்குப் பதில் நாலு வரி எழுதியிருந்தால் ஆத்தாவுக்கு மனசு கொஞ்சம் பழகியிருக்கும் இல்லையா, அண்ணே?

பெரியப்பா வரும்போதெல்லாம் ஒன்றையே சொன்னார். "பிள்ளைய வச்சுக்கிட்டு அவள அடுத்த கப்பல்ல ஏத்தி விட்ருங்க." ஆத்தா சரி என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. பிள்ளையைத் தாயிடமிருந்து பிரித்துவிடுவார்களோ என்று ராத்திரி படுத்தால் தூக்கம் வராது.

என்னைத்தான் எதிர்வீட்டிலேயே கட்டிக்கொடுத்துவிட்டீர்களே, அதனால் நினைத்த நேரம் வந்துவிடுவேன். ஒருநாள் அண்ணி முறத்தில் அரிசியைப் பரப்பி, விரலால் கோடு கிழித்து உங்கள் மகளுக்கு எழுத்துச் சொல்லிக்கொண்டிருந்தார். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

இரண்டே கோடு, கால் அகட்டி நிற்கிற மாதிரி. "இது மனுசன்" என்றார். உங்களிடம் கற்ற தமிழ், அதனால் நம் ஊர் வாடைதான் அடிக்கிறது. அந்த மனுசன் கையை விரித்தால் 'பெரிய'. ஒரு மரம் போட்டால் மரம், இரண்டு போட்டால் தோப்பு. ஒரு கட்டம் போட்டு உள்ளே நாலாகப் பிரித்தால் வயல். பனைமரத்தில் ஏறி நம் வயலைப் பார்த்தால் வரப்பெல்லாம் அப்படித்தான் தெரியும். வெறும் கட்டம் என்றால் வாய். பெரியப்பாவுக்கு இந்த அளவு போதாதே என்றேன். அண்ணி சிரித்தார். அவர் சிரித்து நான் அதுவரை பார்த்ததில்லை.

எழுதுவதில்தான் திண்டாட்டம். கோலத்துக்குப் பழகிய கை கோட்டை எடுக்காமல் சுற்றிக்கொண்டே போகும். "கையைத் தூக்கு, தூக்கு" என்று அண்ணி என் மணிக்கட்டைப் பிடித்துத் தூக்குவார். மேலிருந்து கீழே, இடமிருந்து வலம், ஒவ்வொரு கோட்டுக்கும் ஒரு முறை இருக்கிறது. அடையாளம் கண்டுகொள்வதில் மட்டும் நான் கெட்டிக்காரி. புள்ளிக்கோலம் ஒருதரம் பார்த்தால் எனக்குப் போதும், அது உங்களுக்கே தெரியும்.

அந்தக் கெட்டிக்காரத்தனம் பொங்கலன்று என்ன செய்தது என்று கேளுங்கள்.

போகிக்கு வீட்டைத் துப்புரவு செய்தபோது அண்ணியின் தகரப்பெட்டியையும் வெயிலில் வைத்தோம். அடியில் மடித்த வெள்ளைத் துணி ஒன்று. அதில் மையால் எழுதிய ஒரே எழுத்து, எவ்வளவு பெரியது தெரியுமா? உச்சியில் இரண்டு கொம்பு, நடுவில் ஜாடி மாதிரி ஒரு வயிறு, இரண்டு பக்கமும் ஒன்றுபோல. அடியில் பார்த்தால் எனக்குத் தெரிந்த எழுத்து, கையை விரித்த அந்த 'பெரிய'. அப்படியானால் இது ஏதோ பெரிய மங்கலம்தான் என்று முடிவு கட்டிவிட்டேன். அண்ணியிடம் கேட்கவில்லை. அவர் அசந்துபோக வேண்டும் என்று ஆசை.

துக்கம் கழிந்து நம் வீட்டில் வைத்த முதல் பொங்கல் அது. விடியும் முன்னே சாணம் தெளித்து, வாசல் நிறைய அந்த எழுத்தைக் கோலமாகப் போட்டேன். சுற்றிச் செம்மண் இட்டேன். நடுவில் பூசணிப்பூவும் வைத்தேன். கோடு ஒன்றுகூடப் பிசகவில்லை, அதை மட்டும் இப்போதும் சொல்லிக்கொள்வேன்.

அண்ணி வெளியே வந்தார். பார்த்தார். அப்படியே மண்டியிட்டு, இரண்டு கையாலும் கோலத்தை அழிக்கத் தொடங்கினார். முந்தானையால் துடைத்தார். அழுதார்.

அந்த நேரம் பார்த்துத்தானா பெரியப்பா வர வேண்டும்? "தாலியறுத்தவ பொங்கலன்னிக்கு வாசல்ல வந்து கோலத்தை அழிச்சா வீடு வெளங்குமா? இதுக்குத்தான் சொன்னேன், கப்பலேத்தி விடுங்கன்னு" என்றார். தெருவில் நாலு பேர் கூடிவிட்டார்கள்.

ஆத்தா நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு இறங்கி வந்தாள். "ஏன்த்தா அழிச்சே?" அண்ணியைப் பார்த்து அவள் நேராகப் பேசிய முதல் பேச்சு அது.

"இது செத்த வீட்டுல போடுற எழுத்து" என்றார் அண்ணி. "அவர் போனப்ப எங்க வாசல்ல தொங்குச்சு. அந்தத் துணியத்தான் வச்சிருக்கேன். இந்த வாசல்ல வேணாம் ஆத்தா. இங்க நீங்க இருக்கீங்க, பிள்ளை இருக்கு."

தப்பு என்னுடையது. ஆனாலும் பெரியப்பாவை அப்படியே விடுவேனா? "எழுதினது நான், பெரியப்பா. அவங்க அழிக்கலைன்னா நீங்க எழவு வீட்டுல பொங்கல் தின்னுட்டுப் போயிருப்பீங்க" என்றேன்.

ஆத்தா யாரையும் பார்க்கவில்லை. என் கையிலிருந்த கோலமாவுக் கொட்டாங்கச்சியைப் பிடுங்கி அண்ணியிடம் நீட்டினாள். "நல்ல எழுத்தா ஒண்ணு போடு."

"நான் போடலாமா?" என்று அண்ணி கேட்டார். நம் ஊர் வழக்கம் அதற்குள் அவருக்குத் தெரிந்திருந்தது.

"எம் மகன் பொண்டாட்டி எம் வாசல்ல போடாம வேற எவ போடுறது?" என்றாள் ஆத்தா. பிறகு பெரியப்பாவைப் பார்த்து, "எம் மருமக எங்கிட்டும் போகல. நீங்க உள்ள வாங்க, பொங்கல் ஆறுது" என்றாள். பெரியப்பா உள்ளே வந்தார். இரண்டு தரம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

அண்ணி போட்ட எழுத்தில் ஒரு மூலையில் வயல் இருந்தது. மற்றது எனக்குத் தெரியவில்லை. இந்தத் தடவை வாயைத் திறந்து கேட்டேன். நல்வாழ்வு என்று பொருளாம்.

அண்ணே, இப்போது எனக்கு ஒரு வேலை இருக்கிறது. ஈப்போவில் அண்ணியின் அம்மா, தமிழ் ஊரில் மகளை வேலைக்காரியாக வைத்திருக்கிறார்கள் என்று அழுகிறாராம். நன்றாக இருக்கிறேன் என்று அண்ணி எழுதினால் நம்புவதில்லையாம், கஷ்டத்தை மறைத்து எழுதுகிறாள் என்பாராம். அதனால் நான் எழுதப்போகிறேன். 'உங்கள் மகள் எங்கள் வீட்டில் இருக்கிறாள், எங்கள் வீட்டுப் பெண்' என்று அவர் எழுத்திலேயே, என் கையால்.

'பெண்' வந்துவிட்டது. 'வீடு'தான் இன்னும் படுத்துகிறது. அந்த எழுத்தில் கூரைக்குக் கீழே பன்றி நிற்கிறதாம். இதை ஆத்தாவிடம் சொல்லிவிடாதீர்கள்.

வரும் ஆடிக்குள் அந்த வரியை எழுதிக் கப்பலில் சேர்த்துவிடுவேன், இது சத்தியம். எந்த எழுத்தையும் குருட்டாம்போக்கில் போடமாட்டேன். கோடு கோணலாகத்தான் வரும், வரட்டும். அந்தக் கோணலைப் பார்த்தாலே அந்தத் தாய்க்குத் தெரிந்துவிடும், இதை எழுதியது தன் மகள் இல்லை, மகளுக்காக உட்கார்ந்து எழுத்துப் படித்த வேறு ஒருத்தி என்று.

இப்படிக்கு,
ஆ லானின் நாத்தனார்,
உங்கள் தங்கச்சி
செல்லம்மாள்