ஏலக்காரனின் தொண்டை

மருமகள் தையல் மிஷினில் சிக்கிய பஞ்சை ஒரு குட்டி பிரஷ்ஷால் நோண்டிக்கொண்டிருந்தாள். மெல்லிய தலை, நீளமான பிளாஸ்டிக் கம்பு. "எங்கேர்ந்து எட்த்த இத்த?" என்றேன். "அலமாரி டப்பால கெடந்துச்சு அத்த. சூப்பரா சுத்தம் பண்ணுது" என்றாள். அவளுக்கு எப்படித் தெரியும்? அவள் இந்த வீட்டுக்கு வந்தபோது அவள் மாமனார் நீ போய்ச் சேர்ந்திருந்தாய். உன் கழுத்து ஓட்டைக்குள் விட்டு வால்வைச் சுத்தம் செய்த பிரஷ் அது. காலையில் கண்ணாடி முன்னால் நீ நிற்பாய், நான் டார்ச் அடிப்பேன். என் கை கொஞ்சம் ஆடினாலும் உனக்குக் கோபம் வரும். அந்த நேரத்தில் திட்ட முடியாது என்பதால் கண்ணாடி வழியாக முறைப்பாய். "வெச்சிக்க, மிஷினுக்கே இருக்கட்டும்" என்று அவளிடம் சொல்லிவிட்டு இதை எழுத உட்கார்ந்தேன். பத்தாவதில் கணக்கில்தான் கோட்டை விட்டேன், தமிழில் இல்லை.

முதலில் உன் குரலைச் சொல்ல வேண்டும். காசிமேட்டில் போட்டுகள் வந்து மீனைக் கொட்டுகிற விடியற்காலையில் ஐஸ் உடைக்கிற மிஷின் ஒரு பக்கம் அலறும், லாரிக்காரன் ஹாரனிலேயே படுத்திருப்பான். அத்தனைக்கும் மேலே உன் ஏலம் கேட்கும். டோல்கேட்டில் மீன் விற்கிற நான் அந்தச் சத்தத்தை வைத்துத்தான் எந்தக் குவியலுக்குப் போவது என்று முடிவு செய்வேன். ஒருநாள் சங்கரா மீனுக்கு நான் கேட்ட விலை காதிலேயே விழாத மாதிரி நடித்து வேறு ஆளுக்கு முடித்தாய். நான் கூடையைத் தூக்கி உன் காலடியில் வீசினேன். அடுத்த வருஷம் நமக்குக் கல்யாணம்.

அந்தக் குரல் கரகரக்க ஆரம்பித்தபோது ஒருத்தரும் பயப்படவில்லை. நம் துறைமுகத்தின் வழக்கம் அப்படி. புதிதாக ஏலத்துக்கு வருகிறவன் கணீரென்று கத்தினால், "இன்னாபா, ஸ்கூல்ல பிரேயர் பாடுறியா?" என்று கிண்டல் செய்வார்கள். தொண்டை உடைந்து, மணலைப் போட்டு அரைத்த மாதிரி ஆனால்தான் மரியாதை. "தொண்ட பழுத்துட்ச்சி" என்பார்கள். உன் குரல் கெடக் கெட உனக்குப் பெயர் கூடியது. "இப்பத்தான் மாமு ஒரிஜினல் ஏலக்காரன் கொரலு" என்று ஒரு வியாபாரி உன் தோளைத் தட்டினார். நீ மீசையைத் தடவிக்கொண்டாய். நோய்க்குக் கைதட்டிய ஊர் நம்முடையது.

மழைக்காலத்தில் கட்டிய தொண்டை அது. மீன்பிடித் தடைக்காலம் வந்தது. போட்டெல்லாம் கரையில் கட்டிக்கிடக்க, நீ இரண்டு மாதம் கத்தவே இல்லை. கேரம் ஆடினாய், தூங்கினாய், பீடி குடித்தாய். பனங்கற்கண்டும் மிளகும் போட்டுப் பால் காய்ச்சித் தந்தேன். குரல் திரும்பவில்லை. ஓய்வு கொடுத்தும் ஏன் திரும்பவில்லை என்று நீயும் யோசிக்கவில்லை, நானும் யோசிக்கவில்லை. இதற்காக நான் மார்பில் அடித்துக்கொள்ளப் போவதில்லை. தெரியாதது தெரியாததுதான். பிறகு காது வலி என்றாய், சொட்டு மருந்து விட்டோம். கடைசியில் விம்கோ நகரில் மகள் வீட்டு மாடிப்படி ஏறும்போது உன் மூச்சு விசில் அடித்தது. "இன்னா நைனா, குக்கர் மாதிரி கீது?" என்று அவள் சிரித்துக்கொண்டே கேட்டாள். உன் முகத்தைப் பார்த்ததும் அவள் சிரிப்பு நின்றுவிட்டது.

பெரிய ஆஸ்பத்திரியில் மூக்கு வழியாகக் குழாய் விட்டுப் பார்த்தார்கள். சதையைக் கிள்ளிப் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும் என்றதும் நம் தெருவே வீட்டுக்குள் வந்துவிட்டது. "கத்தி பட்டா பரவிடும், வுட்ராத" என்று ஆளுக்கு ஆள் சொன்னார்கள். அங்கே பார்த்த டாக்டரம்மாவிடம் இதை நேராகவே கேட்டேன். "கிள்ளிப் பாக்குறதுனால பரவாதும்மா. பாக்காம விடுறதுனாலதான் பரவும்" என்றார். சின்ன வயசு. கண்ணைச் சுற்றித் தூக்கமில்லாத கருப்பு. ஆனாலும் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து பேசினார்.

கிள்ளியதில் புற்று என்று முடிவு வந்ததும் நீ கேட்டாய்: "ஏலம் கத்தி கத்தி வந்துதா மேடம்?"

"இல்லைங்க. கத்தினா குரல்நாண் வீங்கும், காய்ப்பு காய்க்கும். புற்று வராது. பீடி உண்டா?"

"எப்பனா ஒண்ணு."

"கட்டுக் கணக்குல மேடம்" என்றேன் நான். நீ என் காலை மிதித்தாய்.

அவர் சொன்னதை எனக்குப் புரிந்த அளவில் எழுதுகிறேன். உடம்பில் பழைய செல் உதிர, புதுச் செல் வந்துகொண்டே இருக்கும். எப்போது பெருக வேண்டும், எப்போது நிறுத்த வேண்டும் என்கிற உத்தரவு ஒவ்வொரு செல்லுக்குள்ளும் இருக்கிறது. பீடிப் புகை அந்த உத்தரவைக் கொஞ்சம் கொஞ்சமாக அழிக்கிறது. குடியும் சேர்ந்தால் இன்னும் சீக்கிரம். பழுதை உடம்பே பெரும்பாலும் சரி செய்துவிடும். வருஷக்கணக்கில் தவறுகள் சேர்ந்துகொண்டே போனால் ஏதோ ஒரு செல்லுக்கு நிறுத்தத் தெரியாமல் போகிறது. அதிலிருந்து பிறக்கிறவற்றுக்கும் தெரிவதில்லை. முதலில் குரல்நாணில் ஒரு தடிப்பு, அவ்வளவுதான். அப்போதே குரல் மாறிவிடும். குரல்நாணிலிருந்து அது சட்டென்று வெளியே போகாதாம், நாள் எடுத்துக்கொள்ளுமாம். அந்த நாட்களில் வந்திருந்தால் கதிர்வீச்சு மட்டுமே போதும், குரலும் தங்கியிருக்கும். "ரெண்டு மாசம் கத்தாம இருந்தும் சரியாகலையே, அப்பவே வந்திருக்கலாம்" என்றார். திட்டாமல்தான் சொன்னார்.

உனக்கு அது குரல்நாணைத் தாண்டி, முன்கழுத்துக் குருத்தெலும்பையும் அரித்து வெளியே வந்திருந்தது. வழிகளைச் சொன்னார். குரல்வளையை முழுசாக எடுத்துவிட்டுப் பிறகு கதிர்வீச்சு கொடுப்பது ஒன்று. கழுத்தில் ஓட்டை இருக்கும், மூச்சு அதன் வழியாகத்தான். அல்லது கத்தி இல்லாமல் கீமோவும் கதிர்வீச்சும் சேர்த்துக் கொடுப்பது. குரல் மிஞ்சலாம், ஆனால் குருத்தெலும்பை அரித்த நிலையில் அது தோற்க வாய்ப்பு அதிகம். தோற்ற பிறகு ஆபரேஷன் செய்தால் புண் ஆறுவதும் கஷ்டம். "எங்க டீம் மொத்தமும் சொல்றது ஆபரேஷன்தான். ஆனா முடிவு உங்களோடது" என்றார்.

நீ எழுந்து வெளியே போய்விட்டாய். பஸ் ஸ்டாப்பில் உன்னைப் பிடித்தேன். "கொரல் பூட்ச்சின்னா நான் இன்னாத்துக்குடி? தராசு தூக்கவா?" என்றாய். "எனக்கு நீ வேணும்யா. உன் கொரல வெச்சி நான் இன்னா பண்ண? வூட்ல நீ பேசினதெல்லாம் சண்டதான்" என்றேன். சிரிப்பாய் என்று நினைத்தேன், நீ சிரிக்கவில்லை. மறுநாளே ஏலத்துக்குப் போய் அந்த விசில் மூச்சோடு கத்தினாய். எனக்கு உன்னைக் கடலில் தள்ளிவிடலாம் போல ஆத்திரம் வந்தது. பயமும்தான். தினம் உன் பக்கத்தில் படுத்து மூச்சு வருகிறதா என்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

மூச்சு முட்டிப்போய் நீ ஆஸ்பத்திரிக்குத் திரும்ப வந்த அன்றுதான் எல்லாம் மாறியது. டாக்டரால் இல்லை, என்னாலும் இல்லை. வராந்தாவில் வரிசையில் நின்றிருந்தோம். ஒருத்தன் நடுவில் புகுந்தான். நமக்கு முன்னால் காக்கிச் சட்டை போட்ட ஓர் ஆட்டோக்காரர், கழுத்தில் கர்ச்சீப் கட்டியவர், அந்தக் கர்ச்சீப்புக்குள் கட்டைவிரலை வைத்து அழுத்தினார்.

"டேய் சோமாரி! லைன்ல வாடா! நாங்கல்லாம் இன்னா வேடிக்க பாக்க வந்துகிறோமா?"

கரகரவென்று, எங்கோ ஆழத்திலிருந்து வந்த சத்தம். ஆனால் ஒவ்வொரு வார்த்தையும் தெளிவு. அடுத்து வந்ததை நான் எழுத மாட்டேன். புகுந்தவன் பின்னால் போய் நின்றான். நீ வாயைப் பிளந்து அவரையே பார்த்தாய்.

"இன்னா தலைவா, எத்துலருந்து பேசுற?"

"அல்லாம் எட்த்துட்டாங்க மாமு. உள்ள சின்னதா வால்வு ஒண்ணு வெச்சிகிறாங்க. ஓட்டைய மூடினா காத்து உணவுக்குழாய் பக்கம் போயி சத்தம் வர்து. சவாரி புடிக்கிறேன், சண்ட போடுறேன்."

"கலீஜா கீதே கொரலு."

"கலீஜாத்தான் கீது. நான் கீறேனே."

நீ சிரித்தாய். சிரிப்பு இருமலாகி, இருமல் மூச்சுத் திணறலாகி, நர்ஸ் ஓடிவந்தார். திணறலுக்கு நடுவில் என் கையைப் பிடித்து, "சரி, எட்த்துட சொல்லு" என்றாய். எத்தனை பேர் எவ்வளவு நல்ல வார்த்தை சொன்னோம்! கெட்ட வார்த்தைதான் உன்னை அசைத்தது.

ஆபரேஷனுக்கு உள்ளே தள்ளிக்கொண்டு போகும்போது நீ கடைசியாக ஏதாவது சொல்வாய் என்று ஸ்ட்ரெச்சரோடு ஒட்டிக்கொண்டே வந்தேன். இத்தனை காலம் கத்திய குரல், அதில் எனக்கென்று ஒரு வார்த்தை இருக்காதா என்ற ஆசை. கதவுக்கிட்டே தலையைத் தூக்கி, "செருப்ப பாத்துக்க. தூக்கினு பூடுவானுங்க" என்றாய். கதவு மூடிவிட்டது. அந்தச் செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்து அழுதேன், பக்கத்தில் இருந்தவள் நீ செத்துவிட்டதாக நினைத்து என்னைக் கட்டிக்கொண்டாள்.

பிறகு நடந்ததெல்லாம் பழகிக்கொள்கிற வேலை. நம் பக்கத்தில் "கரண்ட் வெக்கிறது" என்று சொல்கிற கதிர்வீச்சில் கழுத்துத் தோல் கருத்து உரிந்தது. கஞ்சி இறங்கவே அரை மணி நேரம். டீயை ஊதிக் குடிக்க முடியாது, மூச்சு வாய் வழியாக வராதே. மூக்கு சும்மா முகத்தில் இருந்தது, வாசனை போய்விட்டது. மீன்காரி பக்கத்தில் படுத்தும் நாற்றம் தெரியாத புருஷன் என்று நான் கிண்டல் செய்வேன். கடலில் இறங்கக் கூடாது, ஓட்டையில் தண்ணீர் போனால் நேரே நுரையீரல். நீச்சல் தெரியாத மாப்பிள்ளைகளைக் கேலி செய்த நீ முட்டிக்கால் வரைக்கும் போய்விட்டு நின்றுவிடுவாய்.

வால்வுக் குரல் வீட்டுக்குப் போதும், ஐஸ் மிஷினுக்குப் பக்கத்தில் போதாது. நீ விரலை ஓட்டையில் வைத்துக் கத்தினாய், முதல் வரிசைக்கு மேல் கேட்கவில்லை. பக்கத்துத் தளத்தில் ஏலம் விடுகிற ஏழுமலை அந்தக் கொஞ்ச நாளில் உன் வியாபாரிகளில் பாதியை இழுத்துக்கொண்டான். நான் டோல்கேட் கூடையை விட்டுவிட்டு உன் பக்கத்தில் வந்து நின்றேன். நம் துறைமுகத்தில் பெண்கள் ஏலம் விடுவது புதிதில்லை, எனக்குத்தான் புதிது. நீ விரலில் விலையைக் காட்ட, நான் கத்தினேன். எங்கே முடிக்க வேண்டும் என்பதை நீ என் முதுகில் ஒரு தட்டு தட்டிச் சொல்வாய். அவசரப்பட்டு முடித்தால் இரண்டு தட்டு. அப்படியே ஆறு வருஷம் ஓடியது. நம் கல்யாண வாழ்க்கையில் நாம் ரொம்பச் சண்டை போடாத வருஷங்கள் அவைதான்.

தொண்டைக்கு அது திரும்பி வரவில்லை. நுரையீரலில் புதிதாக வந்தது. புகை போன பாதை முழுக்க விதை விழுந்திருக்கும், ஒரு இடத்தை வெட்டி எடுத்தாலும் மற்ற இடம் அதேதான் என்றார் டாக்டரம்மா. அதற்குள் கல்லீரலுக்கும் போயிருந்தது. இந்தத் தடவை நீ எழுந்து ஓடவில்லை.

"சரி ஆய்டுமா மேடம்?"

"ஆகாது. கீமோ கொடுத்தா கொஞ்சம் தள்ளிப்போடலாம். அதுல களைப்பும் வாந்தியும் இருக்கும்."

"வாணாம். வலி இல்லாம மட்டும் பாத்துக்கோங்க."

எனக்கு உன் மேல் அப்படி ஒரு கோபம் வந்தது. ஒரு மாசம் கூடுதலாகக் கிடைத்தாலும் எனக்கு வேண்டும் என்று ஆஸ்பத்திரி வாசலிலேயே கத்தினேன். "அன்னிக்கி கொரல குடுத்தா உயிரு கெடச்சுது, குடுத்தேன். இன்னிக்கி இன்னா குடுத்தாலும் கெடைக்காது" என்றாய். வலிக்கு மார்ஃபின் மாத்திரை தந்தார்கள். அதைச் சாப்பிட்டால் சீக்கிரம் செத்துவிடுவார்கள் என்றது தெரு. நீ வலியில்லாமல் தூங்கினாய், மீன் குழம்பு கேட்டாய், கேரமில் பையனைத் தோற்கடித்தாய். மழை ஆரம்பித்தபோது வீட்டிலேயே போனாய். மூலக்கொத்தளம் மயானத்தில் உன்னை வைத்துவிட்டு வந்த மூன்றாம் வாரம் நான் ஏலத்துக்குப் போய்விட்டேன். முதுகில் யாரும் தட்டாததால் முதல் குவியலை முடிக்கத் தெரியாமல் நின்றேன். நீ இல்லாதது எனக்கு வெறுப்பாக இருக்கிறது, இன்னும்.

உன்னிடமிருந்து எனக்கு மிஞ்சியது இந்தக் காது. தொண்டை கட்டியவனைப் பார்த்தால் டீக்கடையானாலும் பஸ்ஸானாலும் "எத்தினி நாளா?" என்று கேட்காமல் இருக்க முடியவில்லை. பாதிப் பேர் என்னைப் பைத்தியம் என்கிறார்கள். போன வருஷம் ஏழுமலைக்குக் குரல் உடைந்தது. வியாபாரிகள் அவன் தோளைத் தட்டினார்கள். தடைக்காலத்தில் வலை பின்னுகிற ஆட்களோடு உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தான், அப்போதும் அதே கரகரப்பு. நேரே போய்க் கேட்டேன்.

"ஏழுமல, எத்தினி நாளா கீது இது?"

"இன்னாக்கா? புருசன முழுங்கினது பத்தாதா, என் தொண்டைலயும் கைய வெக்கிறியா?"

சுற்றியிருந்தவர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். எனக்குச் சுருக்கென்றது. அன்று உன் காலடியில் வீசிய மாதிரி கூடையை வீசவில்லை, நேரே அவன் வீட்டுக்குப் போனேன். அவன் பெண்டாட்டியிடம் உன் கதையை முதலிலிருந்து சொன்னேன். அவள் அவனை இழுத்துக்கொண்டு போனாள். உனக்கு வந்த அதேதான். ஆனால் குரல்நாணிலேயே நின்றிருந்தது, வெளியே பரவவில்லை. கத்தியே வைக்கவில்லை. ஒன்றரை மாதம் போல கரண்ட் மட்டும் வைத்தார்கள். பீடியை விட்டான். குரல் முக்கால்வாசி திரும்பிவிட்டது.

என்னிடம் ஒரு நன்றி சொன்னதில்லை. இந்த வாரம் நம் பழைய போட்டு முதலாளி ஒருத்தரையும் அவன் பக்கம் பேசி இழுத்துக்கொண்டான். இன்று காலை, நமக்கு வர வேண்டிய அவர் போட்டு வஞ்சிரக் குவியலை அவன்தான் ஏலம் விட்டான். "மூணு தரம்!" என்று அவன் போட்ட சத்தம் ஐஸ் மிஷினையும் தாண்டிக் கேட்டது. எனக்கு வயிறு எரிந்தது. ஆனாலும் என் குவியலை அப்படியே விட்டுவிட்டு, அவன் முடிக்கிற வரைக்கும் நின்று கேட்டேன்.