கீழ்க்கல்

மார்ச் 4
ஆலையின் கதையை அரைப் பக்கம் எழுதித் தரச் சொல்கிறார் அப்பா. பழுது முடிந்து திறக்கும்போது வாசலில் பலகை வைக்கப் போகிறாராம். எழுத என்ன இருக்கிறது? அவருடைய தாத்தா வாய்க்கால் வெட்டி, தண்ணீர்ச் சக்கரம் மாட்டி, இந்தப் பக்கத்துக்கே முதல் மாவு ஆலை வைத்தார். அதே வருடம் அவர் மனைவி ஓடிப்போனாள். அதைப் பலகையில் போட மாட்டார்கள், என் தலையில்தான் போடுவார்கள். வெளியூர் வேலைக்கு விண்ணப்பித்தேன் என்றதும், “ஓடிப்போனவ ரத்தம், எங்க ஒரு இடத்துல நிக்கும்?” என்றார் அப்பா.

மார்ச் 9
மாவரைக்கும் கீழ்க்கல்லில் விரிசல். மேல்கல்லைக் கொத்தலாம், கீழ்க்கல்லைத் தொட்டால் குடும்பம் விளங்காது என்பது அப்பாவின் தாத்தா போட்ட சட்டம். ஆமாம், தொடாமலே ரொம்ப விளங்கிவிட்டது! “புரட்டித்தான் ஆகணும்க்கா” என்கிறார் கல் கொத்துகிறவர்.

மார்ச் 12
புரட்டினோம். அடியில் எழுத்து. வட்டமாக வெட்டியதில் ஓரத்து எழுத்துகள் போய்விட்டன, மிச்சம் தெளிவாக இருக்கிறது. அவள் பெயர். ஆலை திறந்த வருடம். ‘வாய்க்காலில் வழுக்கி விழுந்து இறந்தாள். கரைக்குச் சுவர் கேட்டாள். நான் கட்டவில்லை.’

கடவுளே. சமாதிக்கென்று செதுக்கிட்டு, யாரும் படிச்சிடக் கூடாதுன்னு கவுத்துப் போட்டு, அது மேலேயே மாவு அரைச்சிருக்கான் மனுஷன்! ஓடிப்போனாள்னு ஊரையும் நம்ப வச்சு. பல் முளைச்சதுலேர்ந்து அந்த மாவைத்தானே நான் தின்னேன்?

மார்ச் 13
“கவுத்துப் போட்டுடு. தாத்தா பேரு கெட்டுடும்” என்றார் அப்பா.
“அவ பேரு?” என்றேன்.
சக்கரம் நின்று வாரக்கணக்காகிறது. ஆனாலும் கல் அரைக்கும் சத்தம் காதைவிட்டுப் போகவில்லை — எனக்கு மட்டும்தானா? மாவு டப்பாவைத் திறக்கக் கை வர மாட்டேன் என்கிறது.

மார்ச் 20
பலகைக்கு எழுதிக் கொடுத்துவிட்டேன். கல்லில் இருந்ததை அப்படியே கடைசியில் சேர்த்தேன். அப்பா இரண்டு முறை படித்தார். கிழிக்கவில்லை.

ஏப்ரல் 2
புதுக் கீழ்க்கல் வந்துவிட்டது. பழையதை வாய்க்கால் கரையில் சாய்த்து வைத்திருக்கிறார்கள், எழுத்து வெளியே தெரிய. அந்தப் பக்கம் போனால் காலைப் பார்த்துப் பார்த்து வைக்கிறேன்.

ஏப்ரல் 19
பேருந்தில் எழுதுகிறேன். வேலை கிடைத்துவிட்டது. பெட்டியைத் தூக்கியதும் அப்பா, “ஓடிப்—” என்று ஆரம்பித்தார். பாதியில் நிறுத்திக்கொண்டார். வாசல்வரை வந்தார். கையெல்லாம் சிமெண்ட்.
“வாய்க்கால் பக்கம் பாத்துப் போம்மா. சுவர் இன்னும் பாதிதான் எழும்பியிருக்கு.”