ஐந்தாம் அத்தியாயத்து வில்லி

மகிழா,

கிழித்துவிடாதே. இது உன் கணக்கு நோட்டிலிருந்து நான் சுட்ட தாள், பின்பக்கம் உன் வீட்டுப்பாடம் இருக்கிறது.

கம்பம் பஸ்ஸில் உன் இடத்தில் என் பையை உட்கார வைத்திருக்கிறேன். அதுவும் என்னோடு பேச மாட்டேன் என்கிறது.

வகுப்பில் சுற்றிவந்த என் நாவலுக்கு ஒரு வில்லி வேண்டியிருந்தது. நான் படித்த மர்ம நாவல்களில் மலையாளத்துப் பெண் வந்தாலே சோற்றில் மருந்து வைத்து ஆளை மயக்குவாள். நானும் யோசிக்காமல் கேரளத்து வண்டிப்பெரியாற்றிலிருந்து ஒருத்தியை வண்டி வைத்துக் கூட்டிவந்தேன். வகுப்பே சிரித்தது. உன் அம்மாவின் ஊரும் அதுதான் என்பது எனக்கு உறைக்கவே இல்லை.

மறுநாள் மதியம் நீ டப்பாவைத் திறந்தாய்.

"ஏலே, தொடாதீக! வண்டிப்பெரியாறு மருந்து!" என்று வீரணன் கத்தினான். எல்லாரும் கையை இழுத்துக்கொண்டார்கள். நானும்தான்.

"நாலு வருசமா தின்னியேலே, உனக்கு என்ன ஆச்சு?" என்று என்னைக் கேட்டாய்.

நான் சிரித்து மழுப்பினேன். உண்மையில் அந்த ஒரு நொடி எனக்குப் பயமாக இருந்தது. நான் எழுதிய பொய்க்கு நானே பயந்தேன், அதுவும் பல்லியைக் கண்டால் கட்டில்மேல் ஏறி நிற்கிற உன் அம்மாவின், நான் அத்தை என்று கூப்பிடுகிறவளின் சோற்றைப் பார்த்து.

அந்த அத்தியாயத்தைக் கிழித்துவிட்டேன். பயல்கள் மண்டையிலிருந்து அதைக் கிழிக்கத் தெரியவில்லை.

நாளைக்குக் குழாயடிக்குப் போய்த் தனியாகச் சாப்பிடாதே. வகுப்பில், எல்லார் முன்னாலும் டப்பாவைத் திற. முதல் கை என்னுடையது. அத்தையிடம் மீன் கொஞ்சம் கூடுதலாக வைக்கச் சொல்.

இப்படிக்கு,
பையோடு பயணம் போகிறவன்